ஜபோட்டிகாபா வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: வீட்டுக் கொல்லையில் மரத்திராட்சை வளர்ப்பு

அடிமரத்திலிருந்து கிளை நுனி வரை கருந்திராட்சையை ஒட்டவைத்தது போன்ற மரத்தின் படம் சில வருடங்களாகக் கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பலர் அதை ஒட்டுவேலைப் படம் என்றே நினைத்தார்கள். படம் உண்மைதான். மரத்தின் பெயர் ஜபோட்டிகாபா, சொந்த ஊர் பிரேசில். நம் பக்கத்து நர்சரிகளில் 'மரத்திராட்சை' என்று சொல்லி விற்கிறார்கள். கேரளத்தில் இதற்கு 'மரமுந்திரி' என்று பெயர். அங்கே முந்திரி என்றால் திராட்சை. பண்ருட்டி முந்திரியை மனதில் வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் இந்தச் செடியைப் பற்றிக் கேட்பவர்களிடம் இரண்டு கேள்விகள் இருக்கும். நம் ஊரில் வருமா? போட்டால் காசு பார்க்கலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மரம் என்றால் தாராளமாக வளர்க்கலாம். ஏக்கர் கணக்கில் போடுவதாக இருந்தால் வேண்டாம். அந்த ஒரு மரம் கூட உங்கள் தண்ணீரைப் பொறுத்துத்தான் வரும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரில் இந்தச் செடி சாகாமல் நிற்கும், ஆனால் வளராது. இலை மஞ்சளாகி, நுனி கருகி, இரண்டு வருடம் ஒரே உயரத்தில் நிற்கும். அப்படி நிற்கும் செடிக்கு உரக்கடையில் மருந்து தேடி அலைவதை விட, வாங்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது மேல்.

என்ன மரம் இது?

திராட்சைக்கும் இதற்கும் உறவு கிடையாது. கொய்யா, நாவல், பன்னீர் நாவல், கிராம்பு எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் பிளினியா காலிஃப்ளோரா. பழைய புத்தகங்களில் மிர்சியேரியா என்று இருக்கும். கொய்யாவைப் போலவே பட்டை சில்லுச் சில்லாக உரிந்து வழுவழுப்பான தண்டு தெரியும். இலை சிறியது, எதிரெதிரே வரும், எப்போதும் பச்சையாக இருக்கும்.

அடிமரத்தில் காய்ப்பது நமக்குப் புதிதில்லை. பலா அப்படித்தான் காய்க்கிறது, அத்தியும் அப்படித்தான். பலாவில் ஒரு காம்பில் ஒன்றிரண்டு பெரிய காய் தொங்கும். இதில் காம்பே தெரியாமல் பட்டையோடு ஒட்டி நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பழம் வரும். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் குறுக்களவு. தோல் கெட்டி, பழுத்தால் கருநீலம். உள்ளே நுங்கு போல வெள்ளைச் சதை, ஒன்று முதல் நான்கு கொட்டை. திராட்சை இனிப்போடு லேசான புளிப்பு.

முதிர்ந்த பட்டையில் பூப்பதால் இந்த மரத்தின் அடிமரம்தான் காய்ப்பு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆணி அடிப்பது, துணிக்கொடி கட்டுவது, ஆடு கட்டுவது, சுண்ணாம்பு அடிப்பது எதுவும் கூடாது. அரிவாள் பட்ட இடத்தில் மறுபடி பூ வர வருடங்கள் ஆகலாம்.

ஏக்கரில் ஏன் வேண்டாம்?

15 அடிக்கு 15 அடி இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு 190 செடிக்கு மேல் பிடிக்கும். செடி 500 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் செடிக்கு மட்டும் 95,000 ரூபாய் ஆகிறது. காய்ப்புக்கு வந்த செடி என்றால் பல ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். சரி, செலவு செய்து, காத்திருந்து, பழமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பறித்த மூன்று நான்கு நாளில் இந்தப் பழம் உள்ளுக்குள் புளித்து நொதிக்க ஆரம்பித்துவிடும். பிரேசிலிலேயே இது தூர ஊர்ச் சந்தைக்கு அதிகம் போகாததற்குக் காரணம் இதுதான். அங்கே மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் சபாரா என்ற ஊர் ஜபோட்டிகாபாவுக்குப் பேர்போனது, அதற்காகத் திருவிழாவே நடத்துகிறார்கள். பழத்தை வெளியூர் அனுப்புவதை விட ஆட்களை மரத்தடிக்கு வரவழைப்பதும், ஜெல்லி, மதுபானம் என்று மாற்றி விற்பதும்தான் அங்கே வழக்கம்.

நம்மிடம் அந்தச் சந்தை இல்லை. காய்கறிக் கடையில் இந்தப் பழத்தைப் பெயர் சொல்லிக் கேட்பவர் யார்? பழ வருமானம்தான் நோக்கம் என்றால் இதே குடும்பத்துக் கொய்யா இருக்கிறது. இரண்டாம் வருடமே காய்க்கும், வாங்க வியாபாரி இருக்கிறார், நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பழகியது. 'ஏக்கருக்கு இத்தனை லட்சம், பழத்தை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது செடி விற்க வந்தால், அந்த வாக்குறுதியை முத்திரைத்தாளில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

சர்க்கரை குணமாகும், புற்றுநோய் தீரும் என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டியதில்லை. கருநீலத் தோலில் நாவல் பழத்தில் இருப்பது போன்ற நிறச்சத்து இருக்கிறது, நல்லதுதான். அதற்காக மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு எந்தப் பழமும் மருந்தாகாது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு மரத்தடியில் நின்று பறித்துத் தின்ன ஒரு மரம் என்றால் கணக்கே வேறு. அதற்கு மேலே சொன்ன எந்தக் குறையும் குறையில்லை.

முதலில் தண்ணீர்

இந்த மரம் லேசான புளிப்புத் தன்மை உள்ள மண்ணில் வளர்ந்து பழகியது. கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். உப்பை அறவே தாங்காது. நம் வட்டாரத்தில் ஊருக்கு ஊர், சில இடத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிறது. கடலோரம் நெருங்க நெருங்கப் போர் தண்ணீரில் உப்பு கூடும். கரையாம்புத்தூர் போலத் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய இடங்களில் ஆழம் குறைந்த தண்ணீர் நன்றாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் பக்கத்து வீட்டுப் போர் நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் போரும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆழம் மாறினால் தண்ணீரும் மாறும்.

சோதிப்பது பெரிய வேலையில்லை. வீட்டுக்குச் சுத்திகரிப்புக் கருவி மாட்டும் மெக்கானிக்கிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். பேனா அளவுக் கருவி. சொம்பில் போர் தண்ணீரை எடுத்துவைத்து அளக்கச் சொல்லுங்கள். 450க்குள் காட்டினால் கவலையில்லை, நிலத்திலேயே நடலாம். 450க்கு மேல் 1000 வரை என்றால் நடலாம், ஆனால் மூடாக்கு, மழைநீர், அடிக்கடி கவனிப்பு எல்லாம் வேண்டும். 1000ஐத் தாண்டினால் நிலத்தில் நட வேண்டாம். தொட்டியில் வைத்து மழைநீர் ஊற்ற முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும். சுண்ணாம்புத் தன்மையை அது பிரித்துச் சொல்லாது. அதற்கு உங்கள் வெந்நீர் அண்டாவைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகக் கெட்டிப் படிவு ஏறியிருக்கிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மைக்கு ஏறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். சரியான எண் வேண்டும் என்றால் உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண், தண்ணீர் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். கார அமில நிலை, மின் கடத்துதிறன் இரண்டையும் பார்க்கச் சொன்னால் போதும். மின் கடத்துதிறன் 0.7க்குள் இருந்தால் நல்ல தண்ணீர்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது உப்பு திரண்ட தண்ணீர். தென்னைக்கு விடலாம், ஜபோட்டிகாபாவுக்கு விடக்கூடாது.

உப்புத் தண்ணீர் ஊரில் இருப்பவர்களுக்கு மழைநீர்தான் வழி. கேட்பதற்குப் பெரிய ஏற்பாடு போலத் தோன்றும், கணக்குப் போட்டால் அப்படியில்லை. 200 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் அதற்கு மேல் பெய்வதை நாம் பார்க்கிறோம். ஒரு பெரிய தொட்டியில் உள்ள செடிக்குக் கோடையில் நாளைக்கு 5 லிட்டர் என்றால், மார்ச் தொடங்கி ஜூலை முடிய 150 நாளுக்கு 750 லிட்டர் ஆகிறது. ஆக ஒரு செடிக்கு 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று போதும். முதல் மழையில் கூரை அழுக்குப் போகட்டும், அடுத்த மழையைப் பிடியுங்கள். டேங்கின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டி மூடி போடுங்கள். ஏரித் தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் கூட இல்லை.

மண்ணும் இடமும்

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து அதில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த இடம் வேண்டாம். புதிதாக வீடு கட்டியவர்கள் சுவரோரத்தைத் தவிர்க்க வேண்டும். கலவை போட்ட இடம், சிமெண்ட் கொட்டிய இடம், ஜல்லி கிடந்த இடம் எல்லாம் பல வருடங்களுக்குக் காரமாகவே இருக்கும். கொல்லையில் செடிக்கு அடுப்புச் சாம்பல் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அரிசி ஆலை உமிச் சாம்பலும் போடுவார்கள். இந்தச் செடிக்கு மட்டும் அதை நிறுத்திக்கொள்ளுங்கள், சாம்பலும் காரம்தான்.

நெல் வயலை ஒட்டிய களிமண் கொல்லை என்றால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இது ஈரத்தை விரும்பும் மரம்தான். ஆனால் தேங்கிய தண்ணீரில் நாட்கணக்கில் நின்றால் இளஞ்செடியின் வேர் அழுகிவிடும். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் நம் பகுதிக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த வெள்ளத்தில் உங்கள் கொல்லையில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாள் நின்றது என்று யோசித்துப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தாழ்வான கொல்லை என்றால் ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம், ஆறடி அகலம் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். சும்மா மண்ணைக் குவித்தால் முதல் மழையில் கரைந்துவிடும். ஓரத்தில் தென்னை மட்டையோ கல்லோ அணை கொடுங்கள்.

வெயில் பட வேண்டும், ஆனால் இளஞ்செடிக்கு அக்னி நட்சத்திர வெயில் ஆகாது. முதல் இரண்டு கோடைக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று போதும். ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றும் இதன் மெல்லிய இலையைக் கருக்கும், தட்டி அதையும் தடுக்கும். மூன்றாம் வருடத்திலிருந்து தென்னைகளுக்கு நடுவே கிடைக்கும் அரை வெயிலிலேயே நன்றாக வரும்.

செடி வாங்கும்போது

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். இந்த மரத்தில் பல ரகம் இருக்கிறது. சிறிய இலை கொண்ட சபாரா ரகத்தைச் சுவையில் சிறந்தது என்பார்கள். ஆனால் அதன் விதைச்செடி காய்க்க எட்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல், பதினைந்து வருடம் வரை கூட ஆகும். சிவப்பு ஜபோட்டிகாபா என்ற கலப்பு ரகம் விதையிலிருந்து வந்தாலும் மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்த்துவிடும். அதன் இலை சற்றுப் பெரியது, தளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். பழமும் முழுக் கருப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பில் நிற்கும். முதல் முறையாக வைப்பவர்கள் சிவப்பு ரகத்தை வாங்குவதுதான் என் யோசனை. ஐம்பது வயதில் சபாரா விதைச்செடி வாங்கினால் பேரப்பிள்ளைதான் தின்னும். அதுவும் ஒரு நல்ல காரணம்தான், தெரிந்து வாங்கினால் சரி.

ஒட்டுச்செடி என்று சொன்னால் ஒட்டுக்கட்டிய தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடித்தண்டில் ஒரு சாண் உயரத்துக்குள் சிறு முண்டு அல்லது பட்டை மாறிய கோடு தெரிய வேண்டும். தடம் இல்லையென்றால் அது விதைச்செடி, அதற்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். ஒரே பையில் மூன்று நான்கு தண்டு அடர்ந்து வந்திருந்தால் அதைப் புதர் ரகம் என்று விற்பார்கள். இந்த மரத்தின் ஒரு விதையிலிருந்தே பல முளை வருவது இயல்பு, அதனால் வந்த கூட்டமாக இருக்கலாம். கடைசியாக இலையைப் பாருங்கள். கேரளத்து மழையில் வளர்ந்த செடி பளபளவென்று இருக்கும். நம் ஊருக்கு வந்த முதல் மாதம் கொஞ்சம் இலை கொட்டுவது சகஜம். வாங்கும்போதே இலை நுனி கருகியிருந்தால் அந்தச் செடியைத் தொடாதீர்கள்.

'ஒரு வருடத்தில் காய்க்கும்' என்று சொல்வது பொய் என்று முழுக்கச் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஐந்தாறு வயதான செடியைப் பெரிய பையில் கொண்டுவந்து விற்றால் அது அடுத்த வருடம் காய்க்கத்தான் செய்யும். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த ஐந்தாறு வருடத்துக்கு. பணம் இருப்பவர்கள் அப்படி வாங்கலாம். அதிலும் தண்டோடு ஒட்டிய காயோ காய்த்த தழும்போ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

நடவு

நிலத்தில் நட ஆவணி நல்ல மாதம். பெருமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். இரண்டு அடி நீளம், அகலம், ஆழம் குழி எடுத்து மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு கூடை, மக்கிய இலைச்சருகு இரண்டு கூடை கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போடாதீர்கள். பையில் செடி எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். மற்ற மரங்களிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளி இருக்கட்டும். ஒரே மரம் இருந்தாலும் காய்க்கும், ஜோடி கட்டாயமில்லை.

தொட்டியில் வைப்பவர்கள் முதலில் 12 அங்குலத் தொட்டி, பிறகு ஒன்றரை வருடத்தில் 20 அங்குலத்துக்கு மேல் மாற்றலாம். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி அடியில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டால் நிரந்தரத் தொட்டி ஆகிவிடும். சிமெண்ட் தொட்டி சுண்ணாம்பை இறக்கும், தவிர்ப்பது நல்லது. மண்கலவைக்கு வானூர், ஆரோவில் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பெருமணல் அரைப் பங்கு சரியாக இருக்கும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அலசாத நாரில் உப்பு இருக்கும்.

வளரும் வருடங்கள்

வேர் எல்லாம் மேல் ஒரு அடி மண்ணிலேயே மயிர் மயிராகப் பரவும். அதனால் மரத்தடியில் மண்வெட்டி போடக்கூடாது, களையைக் கையால் பிடுங்குங்கள். மேல்மண் காயவும் கூடாது. கரும்புச் சோகையோ வைக்கோலோ நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி அரை அடி மட்டும் வெறுமனே விடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும். மூடாக்கு மக்க மக்க மண்ணின் காரத்தையும் குறைத்துக்கொண்டு வரும். நிலத்துச் செடிக்குக் கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறையும், தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் தேவைப்படும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

உரம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மாதம் இரண்டு பிடி மண்புழு உரமும், ஆடியிலும் தையிலும் ஒரு கூடை தொழு உரமும் போதும். சீக்கிரம் வளரட்டும் என்று யூரியாவும் பொட்டாஷும் கையளவு போட்டுச் செடியைக் கருக்கியவர்கள் உண்டு. இது அவசரப்படுத்த முடியாத மரம்.

இரும்புக் குறை வந்தால் எப்படி அடையாளம் காண்பது என்று கரும்பும் மணிலாவும் போட்டவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இளந்தளிர் வெளிறிப் போகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதே நோய்தான் இதுவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மழைநீரில் கரைப்பது முக்கியம். போர் தண்ணீரில் கரைத்தால் கரைசல் துருப்பிடித்த நிறத்துக்கு மாறும், பிறகு அதில் பயனில்லை. முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குத் தெளிக்கலாம். தளிர் பச்சை திரும்பினாலும் அது தற்காலிகம்தான். ஊற்றும் தண்ணீரை மாற்றாதவரை மஞ்சள் மறுபடி வரும்.

கவாத்து பெரிதாகத் தேவையில்லை. அடியிலிருந்தே கிளை விட்டுப் புதராக வரும், அது அப்படியே இருக்கட்டும், கிளை கூடினால் காய்க்கும் இடமும் கூடும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டால் தண்டுக்கு வெளிச்சம் படும்.

பூவும் பழமும்

மூன்று நான்கு வருடம் வளர்ந்து தண்டு கட்டைவிரலை விடத் தடித்த பிறகு பட்டையில் சின்னச் சின்ன முண்டு தெரியும். அங்கிருந்து வெள்ளைப் பூ பஞ்சு ஒட்டியது போல வரும். பூத்த மூன்று நான்கு வாரத்திலேயே பழம் பழுத்துவிடும். மாமரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும். தண்ணீர் நன்றாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கூடப் பூக்கும்.

காய்த்துப் பழகிய மரத்தைப் பூக்கவைக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகச் சோர்ந்ததும் நிறையத் தண்ணீர் விட வேண்டும். வறண்ட நாட்களுக்குப் பின் மழை வந்தது என்று மரம் நினைத்துக்கொள்ளும். இளஞ்செடியில் இதைச் செய்யாதீர்கள், பட்டுப்போகும். பூ வந்த பிறகு ஒரு நாள் கூடக் காயவிடக் கூடாது, பிஞ்சு கொட்டிவிடும்.

பழம் கறுத்தால் அணில், வௌவால், மைனா எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். உயர மரம் என்றால் வலை போடுவது கஷ்டம். இங்கே பழம் அடிமரத்தில் இருப்பதால் பழைய கொசுவலையைத் தண்டில் சுற்றி மேலும் கீழும் கட்டினால் முடிந்தது. பழ ஈயும் அதில் அடங்கும். பழக் கொத்துகளுக்கு இடையே மாவுப்பூச்சியும் எறும்பும் வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல் போதும்.

பறித்தபின் பழுக்காத பழம் இது. கொய்யாவைப் போலச் செங்காயாகப் பறித்து அரிசியில் வைத்தால் பழுக்காது, புளிப்பாகவே இருக்கும். முழுக்கக் கறுத்து, விரலால் தொட்டால் லேசாக மெத்தென்று இருக்கும்போது திருகிப் பறியுங்கள். பல்லால் கடித்துச் சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புவதுதான் பிரேசில்காரர்கள் தின்னும் முறை. தோலில் துவர்ப்பு அதிகம், நிறையத் தின்றால் வயிற்றைக் கட்டும். பழம் மிஞ்சினால் அன்றைக்கே தோலோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்துப் பிழிந்து வடிகட்டி, சாறும் சர்க்கரையும் சம அளவு சேர்த்துக் காய்ச்சி இறக்கினால் நல்ல நிறத்தில் சர்பத் கிடைக்கும்.

கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இதன் விதை காய்ந்தால் முளைக்காது, தின்ற அன்றோ மறுநாளோ கழுவி நிழலில் ஈர மண்ணில் அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். முளைக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒரு விதையிலிருந்து நான்கைந்து நாற்று வந்தால் பயப்பட வேண்டாம், நான்கு இலை விட்டதும் பிரித்து வேறு வேறு பையில் வைத்துக்கொள்ளலாம். சிவப்பு ரகமாக இருந்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க அதுவே போதும், அவர்கள் நர்சரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கும்போது அவர்கள் வீட்டு வெந்நீர் அண்டாவை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.